மணியாறு வந்ததும் போன் பண்ணுங்க

தேங்கல்பாளையத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இரண்டையும் ஒரே ஊர் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன். படகின்மேல் குதித்தவர்களும் குப்பைத்தொட்டிக்கு மரியாதை செய்தவர்களும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தேங்கல்பாளையத்துக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே கோளாறு அதுதான். "கொஞ்சம் கதவைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனால், நாம் திரும்பி வரும்வரை கண்கொட்டாமல் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பின்பக்கமாக மாடு புகுந்து மாவைத் தின்றாலும் திரும்பமாட்டார்கள். மாடு கதவு இல்லையே.

அந்த ஊர் பாவாத்தாளுக்கு ஒரே மகன் சென்னியப்பன். வயது முப்பத்துமூன்று. தறிப்பட்டறையில் வேலை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஆனாலும் பத்து இடத்தில் பெண் பார்த்து பத்தும் தட்டிப்போய்விட்டது. பத்தாவது இடத்தில், "பொண்ணோட தனியாப் பேசறீங்களா தம்பி?" என்று கேட்டார்கள். சரி என்று எழுந்து போனான். பெண் மொட்டைமாடியில் காத்திருந்தாள். இவன் ஓர் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் தனியாகவே பேசிவிட்டு வந்தான். நன்றாகத்தான் பேசினானாம். கேட்கத்தான் ஆள் இல்லை.

பதினோராவது இடம் வடமலைநகரில் அமைந்தது. பெண்ணின் பெயர் கோகிலவாணி. கூட்டுறவுப் பண்டகசாலையில் பில் போடுகிறாள். அப்பா இல்லை. தாய்மாமன் நாச்சிமுத்துதான் எல்லாம் பார்க்கிறார். இதுவும் தட்டிப்போனால் மகனுக்கு இந்த ஜென்மத்தில் கல்யாணம் இல்லை என்று பாவாத்தாள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். பெற்ற வயிறு, வேறென்ன செய்யும்?

சனிக்கிழமை மத்தியானம் நாச்சிமுத்துவே போன் செய்தார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"ஏனுங்க, நாளைக்கு நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி வந்துருங்க. ஒளிவு மறைவு எதுக்கு, ராகு காலம் முடிஞ்சதும் இன்னொரு எடத்துல இருந்தும் பாக்க வர்றாங்க. நீங்க காத்தாலயே வந்தா ஏரியெல்லாம் ஆற அமரப் பாருங்க. அப்பறம் மணியாறு வந்ததும் போன் பண்ணுங்க. நான் வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன்."

மணியாறு என்பது வடமலைநகருக்கு நடுவே ஓடுகிற ஆறு. நாச்சிமுத்துவின் வீடு அதன் கரையில்தான். அந்த நகரத்தில் கைக்குழந்தைக்குக்கூட இது தெரியும். தேங்கல்பாளையத்தில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு மணி ஆறு என்றால் கடிகாரத்தில் வருவதுதான்.

போனை வைத்ததும் ஆலோசனை தொடங்கியது. பாவாத்தாளின் அண்ணன் ராக்கியண்ணன்தான் தலைமை. எட்டாம் வகுப்புவரை படித்த பக்கத்து வீட்டு அத்தியப்பன்தான் அறிவு.

"நாலரைக்கு முன்னாடி வரச்சொல்றாரு. ஆறு மணிக்குப் போன் பண்ணச் சொல்றாரு. நடுவுல ஒன்றரை மணி நேரம் இடிக்குதே" என்றார் ராக்கியண்ணன்.

"இடிக்கலீங்க மாமா. நடுவுல இருக்கறது மரியாதை" என்றான் அத்தியப்பன்.

"என்னடா மரியாதை?"

"டவுன் மரியாதைங்க. ஆஸ்பத்திரியில பாருங்க, பத்து மணிக்கு வரச்சொல்லிப் பன்னெண்டுக்குத்தான் கூப்புடுவாங்க. அதுமில்லாம ராகு காலம் ஆறு மணிக்கு முடியுது. கணக்கு சரியாத்தான் போட்டிருக்காரு."

"அப்ப அந்த இன்னொரு எடத்துக்காரங்க?" என்று பாவாத்தாள் பதறினாள்.

"அவங்களும் வந்து வரிசையில உக்காரட்டும் அம்மிணி. நாம நாலரைக்கே எடம் போட்டுருவோம்ல" என்றார் ராக்கியண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நாலு பேரும் கிளம்பினார்கள். தட்டில் ஒரு டஜன் பூவன்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, நாலு முழம் மல்லிகைப்பூ. சென்னியப்பன் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டு, அவன் அப்பாவின் சாவி கொடுக்கிற கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தான். ஆறு மணிக்குப் பண்ணவேண்டிய போனில் சார்ஜ் தீர்ந்துவிடக்கூடாது என்று ராக்கியண்ணன் பஸ் ஏறும்போதே அதை அணைத்து மடியில் கட்டிக்கொண்டார்.

வடமலைநகரின் நட்டநடுவில் பெரிய ஏரி இருக்கிறது. சுற்றிலும் கல் பதித்த நடைபாதை, சிமெண்ட் பெஞ்சு, பூச்செடி. ஏரியைப் பார்த்ததும் பாவாத்தாள், "எவ்வளவு தண்ணி!" என்று வாயைத் திறந்தாள்.

"பாக்காத! கண்ணை மூடு!" என்று அண்ணன் அதட்டினார். "ஆற அமரப் பாக்கச் சொல்லியிருக்காரு. மொதல்ல அமரோணும். அப்பறம் ஆறோணும்."

நாலு பேரும் ஏரிக்கு முதுகைக் காட்டி அமர்ந்தார்கள். டீ வாங்கி, அது ஆறும்வரை ஊதாமல் காத்திருந்தார்கள். ஆறியது என்று அத்தியப்பன் விரலை விட்டுப் பார்த்துச் சொன்னான். அதற்கப்புறம்தான் திரும்பி உட்கார்ந்து ஏரியைப் பார்த்தார்கள்.

ஏரியைச் சுற்றி ஆட்கள் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். அரைக்கால் சட்டை போட்ட பெரிய மனிதர்கள், பூட்ஸ் போட்ட பெண்கள். போனவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள்.

"பாவம், எதையோ தொலைச்சிட்டாங்க" என்றான் சென்னியப்பன். இரக்கம் தாங்காமல் ஒருவரை நிறுத்தியே கேட்டுவிட்டான். "என்னத்தைங்க தேடறீங்க?"

"ஒன்னும் தேடலைப்பா. எடை குறையணும்னு நடக்கறேன்."

"குறைஞ்சுதுங்களா?"

"நேத்தைக்கு அரைக் கிலோ குறைஞ்சிருக்கு" என்று அவர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பாவாத்தாள் சட்டென்று கால்களைத் தூக்கிக்கொண்டாள். "அண்ணா, பாத்து நடங்க. அந்த மனுசனோட அரைக் கிலோ இங்கதான் எங்கியாவது விழுந்து கெடக்கும். மிதிச்சுராதீங்க."

அங்கிருந்து தலையைக் குனிந்துகொண்டே நடந்ததில் குப்பைத்தொட்டியில் போய் முட்டினார்கள். வாயைப் பிளந்து நிற்கிற பென்குயின் பொம்மை அது. தேங்கல்பாளையத்தில் யாரும் பென்குயினைக் கண்டதில்லை. கோட்டுப் போட்ட வாத்து என்று முடிவு செய்தார்கள். வயிற்றில் எழுதியிருந்ததை அத்தியப்பன் படித்தான்: "குப்பையை என் வாயில் போடுங்கள்."

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரிடமும் குப்பை இல்லை.

"கேக்காத மாதிரி போயிரலாமா?" என்றான் சென்னியப்பன்.

"கோட்டெல்லாம் போட்டுட்டு வாய்விட்டுக் கேக்குது. இல்லைன்னு சொல்லிட்டுப் போறதா? நல்ல காரியத்துக்கு வந்திருக்கறோம்" என்றார் ராக்கியண்ணன்.

குப்பைக்கு எங்கே போவது? தட்டில் இருந்த பழத்தில் ஆளுக்கொன்று உரித்துத் தின்றார்கள். நாலு தோலையும் மரியாதையாக அதன் வாயில் போட்டார்கள். நூறு அடி தள்ளி இன்னொரு பென்குயின் நின்றது. அதுவும் அதையேதான் கேட்டது. முதலாவதற்குப் போட்டுவிட்டு இதற்குப் போடாவிட்டால் மனத்தாங்கல் ஆகிவிடும். இன்னும் நாலு பழம். மூன்றாவதோடு டஜன் தீர்ந்தது. நாலாவது பென்குயின் வந்தபோது எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூரமாகப் போனார்கள்.

"பழமில்லாத தட்டை எப்படிண்ணா வெக்கிறது?" என்று பாவாத்தாள் கண்கலங்கினாள்.

"தோலையாவது நாம வெச்சிருந்திருக்கலாம்" என்று ராக்கியண்ணன் ஒத்துக்கொண்டார்.

பெரிய ஏரியிலிருந்து சாலையைத் தாண்டினால் சின்ன ஏரி. அங்கே படகுச் சவாரி. அன்னம் போலச் செய்த, காலால் மிதித்து ஓட்டுகிற படகு. படகுக்காரர் நாலு பேருக்கும் மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, "எல்லாரும் ஒரே பக்கம் உக்காராதீங்க, சாஞ்சிரும்" என்றார்.

உடனே ராக்கியண்ணனும் பாவாத்தாளும் ஏரியைச் சுற்றி நடந்து, எதிர்க்கரையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு பக்கம் இரண்டு பேர், மறுபக்கம் இரண்டு பேர். இனி எந்த ஏரியும் சாயாது.

படகில் சென்னியப்பனும் அத்தியப்பனும் மட்டும். "மிதிங்க" என்றார் படகுக்காரர்.

சென்னியப்பன் தயங்கினான். "அன்னமுங்க இது. சரஸ்வதிக்கு வேண்டப்பட்டது. பொண்ணு பாக்கப் போற அன்னைக்கு இதை மிதிக்கலாமுங்களா?"

"மிதிச்சாத்தாங்க போகும்."

இருவரும் செருப்பைக் கழற்றினார்கள். படகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு எழுந்து நின்று தொம் தொம் என்று மிதித்தார்கள். படகு நின்ற இடத்திலேயே ஆடியது. தண்ணீர் உள்ளே ஏறியது.

"மிதிங்கண்ணா! மிதிங்க!" என்று படகுக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கத்தினார்.

"இதுக்கு மேல மிதிச்சா அன்னம் செத்துருமுங்க!" என்று அத்தியப்பன் மூச்சிரைக்கக் கத்தினான்.

கடைசியில் கொக்கி போட்டுத்தான் கரைக்கு இழுத்தார்கள். சென்னியப்பனின் வேட்டி இடுப்புவரை ஈரம். எதிர்க்கரையில் இருந்த ராக்கியண்ணன் திரும்பி வந்து, "என்னதான் இருந்தாலும், ஏரி சாயலை பாத்தியா?" என்றார்.

வேட்டி காய்ந்து, தயிர்சாதம் தின்று, மணி மூன்றுக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டே ஆற்றங்கரைக்கு வந்தார்கள். புதிதாகப் படித்துறை கட்டிப் பூங்கா வைத்திருந்தார்கள். வாசலில் பெரிய பலகை. அத்தியப்பன் நிறுத்தி நிறுத்திப் படித்தான்: "மணியாறு படித்துறைப் பூங்கா. அனைவரும் வருக."

"பாத்தீங்களா மாமா, இங்கியும் மணி ஆறுதான். ஆறு மணிக்குத்தான் அனைவரும் வரணுமாம்."

"தெறந்துதானடா கெடக்குது. ஆளுங்க போறாங்களே?"

"அவங்க எழுதப் படிக்கத் தெரியாதவங்களா இருக்கும்."

பூங்காக் காவலாளி இவர்களைப் பார்த்து, "உள்ளே போங்க, சும்மாதான்" என்றார். நேரம் ஆகவில்லை என்று சொல்லி நாலு பேரும் எதிரில் ஒரு பச்சை வீட்டின் நிழலில், கட்டைச்சுவரில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தட்டைப் பாவாத்தாள் மடியில் வைத்துக்கொண்டாள். சென்னியப்பன் மணிக்கட்டையே பார்த்தபடி இருந்தான்.

அந்தப் பச்சை வீடு நாச்சிமுத்துவின் வீடு.

உள்ளே கேசரி கிண்டி ஆறிப்போயிருந்தது. பஜ்ஜிக்குக் கரைத்த மாவு நீர்த்துக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து எட்டு முறை போன் செய்து பார்த்தார். அணைத்துவைத்திருப்பதாகவே சொன்னது. நாலு மணிக்கு மேல் பொறுக்காமல் வாசலுக்கு வந்தார். கட்டைச்சுவரில் நாலு முதுகு தெரிந்தது.

"யாருங்க நீங்க? யாருக்காகக் காத்திருக்கீங்க?"

"நாச்சிமுத்துன்னு ஒருத்தருக்குங்க" என்றார் ராக்கியண்ணன்.

"நாந்தாங்க நாச்சிமுத்து!"

நாலு பேரும் எழுந்து கும்பிட்டார்கள். மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள்.

"என்னங்க உக்காந்துட்டீங்க? வாங்க வீட்டுக்கு, நேரமாவுது!"

"அவசரப்படாதீங்க. மணி ஆறு வரட்டும்."

"இதுதானுங்க மணியாறு!"

சென்னியப்பன் கடிகாரத்தைப் பார்த்தான். "நாலு அஞ்சுங்க."

"அட, மணியாறுங்க! கண்ணு முன்னாடி ஓடுது, தெரியலீங்களா?"

சென்னியப்பன் கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். "ஓடறது வாஸ்தவந்தானுங்க. ஆனா நாலுலதான் ஓடுது."

ராக்கியண்ணன் தன் ஆட்களிடம் குனிந்து கிசுகிசுத்தார். "நம்மளைச் சோதிக்கறாரு. சொன்ன சொல்லுல நிக்கறமான்னு பாக்கறாரு. ஒருத்தரும் எந்திரிக்காதீங்க."

நாச்சிமுத்து கெஞ்சினார், கையைப் பிடித்து இழுத்தார். பத்து நிமிடம் போனது. "இன்னும் கால் மணி நேரத்துல ராகு காலம், அது முடிஞ்சா அந்த இன்னொரு எடம், கோட்டைமேட்டுக்காரங்க வந்துருவாங்க" என்று தலையில் கைவைத்து அவரும் கட்டைச்சுவரிலேயே உட்கார்ந்துவிட்டார். இப்போது ஐந்து பேர்.

மாடியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கோகிலவாணி இறங்கி வந்தாள். பழைய சுடிதார், பாதி பின்னிய சடை. இவள்தான் பெண் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளை முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, எதுக்கு இப்படி உக்காந்திருக்கீங்க?"

"பொண்ணு பாக்க வந்தமுங்க. ஆறு மணிக்குப் போன் பண்றதா ஒத்துக்கிட்டோம்."

"அதுக்குள்ள பொண்ணு வேற எடத்துக்குப் போயிட்டா?"

சென்னியப்பன் முகம் வாடிவிட்டது. "போனா மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்குமுங்க. அதுக்காகப் பேசின பேச்சை மாத்தறதுங்களா? கல்யாணத்துக்கு முன்னாடியே பேச்சு மாறினா, அந்தப் புள்ள நாளைக்கு என்னை எப்படி நம்பும்?"

கோகிலவாணி கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். சிரிப்பை அடக்கினாளா, வேறு எதையாவது அடக்கினாளா, எனக்குத் தெரியாது. பிறகு கேட்டாள், "அந்தக் கடிகாரத்துக்குச் சாவி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அதை வெளிய இழுத்து, ஆறு வர்ற வரைக்கும் திருகுங்க."

சென்னியப்பன் திருகினான். முள் நாலேகாலிலிருந்து ஐந்தைத் தாண்டி ஆறில் போய் நின்றது. மற்ற மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"வந்துருச்சு!" என்றார் ராக்கியண்ணன். "எவ்வளவு வெரசா போகுது பாரு டவுன்ல நேரம்!"

மடியிலிருந்து போனை எடுத்து உயிர்கொடுத்து எண்ணை அழுத்தினார். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த நாச்சிமுத்துவின் சட்டைப்பையில் மணி அடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

"அலோ, நாச்சிமுத்துங்களா? மணி ஆறு வந்துருச்சுங்க. வந்து கூட்டிட்டுப் போங்க."

"வர்றேனுங்க" என்று போனில் சொல்லிவிட்டு, எழுந்து இரண்டு அடி நடந்து வந்து, "வாங்க" என்றார்.

வீட்டுக்குள் போனதும் எல்லாம் வேகவேகமாக நடந்தது. பழமில்லாத தட்டைக் கைமாற்றினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கோகிலவாணி அவசரமாகப் பட்டுச்சேலை சுற்றிக்கொண்டு கேசரியோடு வந்தாள். சென்னியப்பன், "எங்கியோ பாத்த மொகமா இருக்குதே" என்று அம்மாவிடம் முணுமுணுத்தான். டவுனில் எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று பாவாத்தாள் சொன்னாள்.

சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்தேழு. நாச்சிமுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. பொண்ணு பிடிச்சிருக்கா?"

சென்னியப்பன் துள்ளி எழுந்தான். இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "ஐயோ, இல்லீங்க! நான் பிடிக்கவே இல்லீங்க! கேசரித் தட்டைத்தான் பிடிச்சேன்!"



"என்ற பையன் அப்படிப்பட்டவன் இல்லீங்க" என்று பாவாத்தாள் பதறினாள்.

"நான் பக்கத்துலயே இருந்து பாத்தேனுங்க. சத்தியமா அவன் பிடிக்கலை" என்று அத்தியப்பன் சாட்சி சொன்னான்.

நாச்சிமுத்துவின் முகம் கறுத்தது. நாலு இருபத்தெட்டு. "இதைச் சொல்றதுக்கா இவ்வளவு பாடு? சரி, உனக்கும் பிடிக்கலைன்னு சொல்லிரும்மா கோகிலா. முடிச்சுக்கலாம்."

கோகிலவாணி தட்டைக் கீழே வைத்தாள். நேராக வந்து சென்னியப்பனின் முழுக்கைச் சட்டையை முழங்கைக்குக் கீழே இறுகப் பற்றினாள்.

"எனக்குப் பிடிச்சிருக்கு மாமா."

ராக்கியண்ணன் எழுந்து வந்து கிட்டே குனிந்து பார்த்தார். அத்தியப்பன் மறுபக்கமிருந்து பார்த்தான்.

"ஆமாங்க, பிடிச்சிருக்கு" என்றார் ராக்கியண்ணன்.

"நல்லா கெட்டியாவே பிடிச்சிருக்குதுங்க" என்றான் அத்தியப்பன்.

நாலு இருபத்தொன்பதுக்கு வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். பாவாத்தாள் அழுதுவிட்டாள். நாச்சிமுத்து ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

கிளம்புகிற நேரத்தில்தான் சிக்கல் வந்தது. கோகிலவாணி பிடியை விடவில்லை. இவர்கள் என்ன செய்கிறார்கள் பார்க்கலாம் என்று அவளுக்கு ஆசை. விடச்சொல்லவும் யாருக்கும் துணிவில்லை.

"விட்டா, பிடிக்கலைன்னு ஆயிரும்" என்றார் ராக்கியண்ணன்.

"விடலைன்னா பஸ்ஸு போயிருமே அண்ணா" என்றாள் பாவாத்தாள்.

"கூடவே கூட்டிட்டுப் போயிரலாமுங்களா?" என்றான் சென்னியப்பன்.

"பொண்ணு பாக்கத்தானடா வந்தோம். கூட்டிட்டுப் போக வரலை."

அத்தியப்பன் நெடுநேரம் யோசித்தான். எட்டாம் வகுப்புவரை படித்தது வீண்போகவில்லை. "மாமா, அவங்க பிடிச்சிருக்கறது சட்டையைத்தான். சட்டை இங்க இருந்தாப் போதுமில்ல?"

சென்னியப்பன் பொத்தான்களைக் கழற்றினான். பிடித்த பிடி அசங்காமல் கையை மெல்ல உருவிக்கொண்டான். சட்டை அவள் கையில் நின்றது. பனியனோடு எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் பஸ் ஏறினான்.

ஆறு மணிக்கு வந்த கோட்டைமேட்டுக்காரர்கள், பட்டுச்சேலை கட்டிய பெண் ஓர் ஆண்பிள்ளைச் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று சிரிப்பதைப் பார்த்தார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டார்கள்.

தேங்கல்பாளையத்தில் பஸ் நின்றதும் ஊரே சூழ்ந்துகொண்டது. எங்கள் ஊரிலிருந்து நாங்களும் வாய்க்காலைத் தாண்டிப் போயிருந்தோம், வேடிக்கை பார்க்கத்தான். டீக்கடைக்காரர் முதலில் கேட்டார்.

"என்ன சென்னி, பொண்ணு பிடிச்சிருக்கா?"

பனியனோடு இறங்கிய சென்னியப்பன் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தான்.

"நான் கெளம்பற வரைக்கும் பிடிச்சிருந்துச்சுங்க. இப்ப எப்படின்னு போன் பண்ணித்தான் கேக்கோணும்."